உரிமம் வண்டிக்கா, கழிவுக்கா?

பெங்களூர் கண்டோன்மென்ட்டின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று காக்ஸ் டவுன். 1898-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் பெங்களூரை உலுக்கிய பிறகு, நெரிசல் மிகுந்த பகுதிகளிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றோட்டமான புதிய பேட்டைகளை அமைக்கும் எண்ணம் அன்றைய நிர்வாகத்தில் வலுப்பெற்றது. அந்தக் காலகட்டத்தில் உருவான குடியிருப்புகளில் காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரைத் தாங்கிய இப்பகுதியும் அடங்கும். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவரும் இடம் இது. சுகாதாரத்தை முன்னிட்டு ஊர் விரிந்த வரலாற்றில் பங்குள்ள இந்தப் பேட்டை, இன்று ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அதே கேள்வியை வேறு வடிவில் எதிர்கொள்கிறது. வீட்டு வாசலிலிருந்து எடுக்கப்படும் கழிவு எங்கே போகிறது?

பெங்களூரின் எந்தப் பேட்டையையும் போலவே இங்கும் கழிவை ஏற்றிச் செல்வோர் மூன்று வகையினர். முதலாவது, மாநகராட்சியின் ஒப்பந்ததாரர் இயக்கும் ஆட்டோ டிப்பர். இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்புகளும் விடுதிகளும் உணவகங்களும் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் தனியார் நிறுவனத்தின் வண்டி. மூன்றாவது, தோளில் சாக்குப் பையுடனோ தள்ளுவண்டியுடனோ வந்து, பொறுக்கியதைக் 'குஜிரி' கடையில் எடைக்குப் போடுபவர். சென்னையில் காயலான் கடை என்பதைத்தான் பெங்களூர்த் தமிழர் குஜிரி என்கின்றனர். முதல் இருவருக்கும் காகிதம் உண்டு. மூன்றாமவருக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால், தான் எடுத்த பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் இம்மூவரில் யார் என்று கேட்டால், பல நேரங்களில் அந்த மூன்றாமவர்தான் கையைத் தூக்குவார். பொருள் போய்ச் சேர்ந்தால்தானே அவருக்குக் கூலி.

நமது நகரங்கள் கழிவுத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் முறையின் முரண் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குதான், நகரக் கழிவு குறித்து நாடு முழுமைக்குமான முதல் விதிகள் 2000-ஆம் ஆண்டில் வெளிவரக் காரணமாயிற்று. ஆயினும் அந்த நகரமே 2012-இல் குப்பையில் மூழ்கியது. மாவள்ளிபுரா கிராம மக்கள் தங்கள் ஊரில் இனிக் குப்பை கொட்டக்கூடாது என்று வழிமறித்தனர். அந்தக் கிடங்கு மூடப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. சுமை முழுவதும் மண்டூர் கிராமத்தின் மீது விழுந்தது. அவர்களும் போராடி, 2014 டிசம்பரில் அந்தக் கிடங்கையும் மூடவைத்தனர். நகரம் கழித்ததை ஏன் கிராமம் சுமக்க வேண்டும் என்ற அவர்களின் கேள்விக்கு ஆட்சியாளர்களிடம் பதில் இல்லை.

அந்த நெருக்கடியின் நடுவேதான் அதிக அளவில் கழிவை உண்டாக்குவோர் தங்கள் கழிவுக்குத் தாங்களே பொறுப்பு என்ற கொள்கை பெங்களூரில் நடைமுறைக்கு வந்தது. தம் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும். இல்லையேல் மாநகராட்சியின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் எவரையும் இந்த வகையில் சேர்த்தன. அந்த விதிகளுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பெரிய வளாகங்களின் பொறுப்பையும் அவை மேலும் இறுக்கியுள்ளன. கொள்கையில் குறை காண இடமில்லை. ஆனால், பொறுப்பு வளாகத்துக்குள் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குத் தனியார் வண்டிகளின் சந்தையும் வளரும். அந்தச் சந்தையை யார், எப்படிக் கண்காணிப்பது?

ஏறக்குறைய இதே கேள்விக்குத் தொழிற்சாலைக் கழிவு விஷயத்தில் நாடு எப்போதோ பதில் கண்டுவிட்டது. போபால் விபத்துக்குப் பிறகு 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் தொடங்கிய அபாயக் கழிவு விதிகளும் அதற்கு வழிவகுத்தன. ஓர் ஆலையிலிருந்து அபாயக் கழிவு லாரியில் ஏறும்போது ஏழு பிரதிகள் கொண்ட ஒரு சீட்டும் உடன் செல்ல வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நிறம். வெள்ளைப் பிரதியை அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புகிறார். மஞ்சளை, லாரிக்காரரிடம் கையொப்பம் பெற்றுத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். பெற்றுக்கொள்பவரிடம் ஒன்று தங்கும், லாரிக்காரருக்கு ஒன்று, வாரியத்துக்கு மற்றொன்று. கழிவு வந்து சேர்ந்தது என்பதற்குச் சாட்சியாக நீலப் பிரதி அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டும். வேறு மாநிலத்துக்குச் சென்றால் அனுப்பிய மாநில வாரியத்துக்குச் சாம்பல் நிறப் பிரதி செல்லும். உரிமத்துடன் நில்லாமல், ஒவ்வொரு சுமையையும் பயணத்தின் முடிவு வரை பின்தொடரும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு ஏட்டிலேயே நின்றால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அனுபவித்து அறிந்திருக்கிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, சுமார் 7.4 டன், 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கண்டெடுக்கப்பட்டது. தனது நடைமுறைக்கு மாறாக அது விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது. கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது.

தலைநகர் தில்லியும் விதிவிலக்கன்று. தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கதிர்வீச்சுக் கருவி 2010-இல் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. அதற்குள் இருந்த கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது. வேறு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உள்ளே இருப்பது என்னவென்று உடைத்தவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பல்கலைக்கழகம் அதைச் சொல்லவில்லை.

2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டபோது நாடே அதிர்ந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை அடுத்துக் கேரள அரசே லாரிகளை அனுப்பி அதைத் திரும்ப எடுத்துச் சென்றது. மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரத் தமிழகம் 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. கடுமை தேவைதான். ஆனால், சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் லாரியை ஓட்டியவரும் இடத்தைக் காட்டிய தரகருமாகவே இருப்பர். மலிவான விலைக்குக் கழிவை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் கைது நடவடிக்கையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றனர்.

உரிமச் சீட்டு ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் அதையும் போலியாக்கிவிடுவர். பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழ் வழங்கும் உரிமை பெற்ற ஆலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-இல் ஆய்வு செய்தபோது, சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களுடன் கர்நாடகமும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது. மறுசுழற்சி நடந்தது காகிதத்தில். பிளாஸ்டிக் சென்ற இடம் வேறு.

எனவே, தனியாரிடம் விட்டதால்தான் கெட்டது என்றோ, மாநகராட்சியே நடத்தினால் சரியாகிவிடும் என்றோ ஒரே வரியில் முடித்துவிட முடியாது. மண்டூரில் கொட்டியவை மாநகராட்சியின் ஏற்பாட்டில் சென்ற லாரிகள்தாம். உரிமம் எதற்கு வழங்கப்படுகிறது என்பதே இதில் அடிப்படை. இன்று அது வண்டிக்கும் நிறுவனத்துக்கும் வழங்கப்படுகிறது. வழங்கப்பட வேண்டியது கழிவின் பயணத்துக்கு.

நியூயார்க் இதைக் கசப்பான வழியில் கற்றது. 1957-இல் அந்நகரம் வணிக நிறுவனங்களின் குப்பையை அள்ளுவதை நிறுத்திக்கொண்டது. அந்தச் சந்தையைப் பல பத்தாண்டுகள் குற்றக் கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவரின் வாடிக்கையாளரை மற்றவர் தொடுவதில்லை. விலையைக் கும்பலே தீர்மானித்தது. 1996-இல் தனிச் சட்டம் இயற்றி, குப்பை ஏற்றும் ஒவ்வொரு நிறுவனத்தின் உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று துருவி ஆராய்ந்த பிறகே உரிமம் வழங்கும் ஆணையத்தை அந்நகரம் அமைத்தது. வசூலிக்கக்கூடிய உச்ச விலையையும் ஆணையமே நிர்ணயித்தது. பின்னர் ஒரே தெருவில் பல நிறுவனங்களின் லாரிகள் இரவெல்லாம் ஓடுவதைத் தடுக்க, நகரை 20 மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு அதிகபட்சம் மூன்று நிறுவனங்கள் என வரையறுக்கும் சட்டத்தை 2019-இல் கொண்டுவந்தது. கழிவுத் தொழிலில் முதலில் ஆராயப்பட வேண்டியது வண்டியின் தகுதிச் சான்று அன்று, அதன் பின்னாலிருக்கும் முதலாளி யார் என்பதே. நியூயார்க் அனுபவம் சொல்வது இதைத்தான்.

பெங்களூரில் குப்பை மாஃபியா இருக்கிறது என்று எதிர்க்கட்சிகள் மட்டும் சொல்லவில்லை. கர்நாடகத் துணை முதல்வராக இருந்த டி.கே. சிவகுமாரே 2025 மார்ச்சில் அதை வெளிப்படையாகப் பேசினார். ஆள்வோருக்கே தெரிந்த ஒன்று தொடர்கிறதென்றால், உரிமம் பெற்றவர் யார் யார், அவர்களுடைய வண்டிகள் எத்தனை, அவை சென்று சேரும் இடம் எது என்ற விவரங்கள் மக்களுக்கு எட்டாமல் இருப்பதுதான் காரணம். இன்னுமோர் அபாயமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலாகப் பெருநகர பெங்களூரு ஆணையம் அமைந்தது. உரிமப் பட்டியலும் ஐந்தாகச் சிதறினால், ஒரு மாநகராட்சி தள்ளிவைத்த ஒப்பந்ததாரர் மறுதெருவில் இருக்கும் இன்னொரு மாநகராட்சியில் புதுப்பெயருடன் நுழைவது எளிது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அங்கே கர்நாடகத்தின் பட்டியலுக்கு மதிப்பே இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தொழிற்சாலைக் கழிவுக்குரிய சீட்டு முறையை எளிமையாக்கி நகரக் கழிவை ஏற்றும் தனியார் வண்டிகளுக்கும் விரிவாக்கலாம். நீலப் பிரதி திரும்பி வந்தால்தான் பணம் என்று ஆக்கிவிட்டால், பாதி வழியில் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வரும் ஆசை தானாகவே அடங்கும். சேருமிடத்தின் எடைமேடை ரசீது இல்லாமல் எந்த வளாகமும் தன் பொறுப்பு தீர்ந்ததாகக் கூறக்கூடாது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் பொதுவான ஒரே பதிவேடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இத்தகைய கட்டுப்பாடுகள் லஞ்சத்துக்குப் புதிய வாசல் திறக்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் கட்டுப்பாடு யாருக்கு எவ்வளவு என்பதில் நிதானம் வேண்டும். நாளொன்றுக்குப் பல டன் ஏற்றும் நிறுவனத்துக்கும், சாக்குப் பை தூக்கும் பெண்ணுக்கும் ஒரே படிவம் நீட்டினால், நிறுவனம் தரகரை வைத்து வாங்கிவிடும். அந்தப் பெண் தொழிலை இழப்பார். குப்பை பொறுக்குவோருக்கு 2011-இல் அடையாள அட்டை வழங்கிய நகரம் பெங்களூர். ஹசிரு தளா போன்ற அமைப்புகளின் முயற்சியால் அவர்களில் சிலர் வார்டுகளின் உலர்கழிவு மையங்களை நடத்தும் நிலைக்கு உயர்ந்தனர். அந்த முன்மாதிரியை விரிவாக்கி, சிறு சேகரிப்போருக்குக் கட்டணமில்லாப் பதிவும், குஜிரி கடைகளுக்கு எளிய உரிமமும் வழங்குவது கருணைச் செயலாகாது. நகரம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனைத் தீர்ப்பதாகும். பதிவுபெற்ற கடைக்காரருக்குத்தான் எதை வாங்கக்கூடாது என்று எடுத்துச் சொல்லவும் முடியும். கொடைக்கானலும் மாயாபுரியும் தரும் பாடம் அது.

உரிமத்தின் நிபந்தனைகளில் தொழிலாளரும் இடம்பெற வேண்டும். பெங்களூரில் தெருக்கூட்டும் தொழிலாளருக்கு ஒப்பந்த முறையை ஒழித்து நேரடி ஊதியம் வழங்க 2017-இல் முடிவெடுக்கப்பட்டது. வண்டி ஓட்டுநரும் சுமை ஏற்றுவோரும் ஒப்பந்ததாரரின் தயவிலேயே விடப்பட்டனர். அவர்களுடைய ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் கட்டப்பட்டதற்குச் சான்று இல்லாமல் எந்த நிறுவனத்தின் உரிமத்தையும் புதுப்பிக்கக்கூடாது.

கொள்ளைநோய் வந்தபோது அன்றைய ஆட்சியாளர் ஊரை விரித்து விடை கண்டனர். அழுக்கிலிருந்து தள்ளிப்போவதற்கு அன்று இடம் இருந்தது. இன்று காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பும் லாரி எத்திசையில் சென்றாலும் இன்னொருவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். அந்த வாசலின் சொந்தக்காரரும் இந்நாட்டின் குடிமகனே. அவரது கையொப்பம் இல்லாமல் அந்த லாரியின் பயணம் முடிந்துவிட்டதாக எந்த அதிகாரியும் முத்திரை குத்தக்கூடாது.