ஆப் அளக்கட்டும், ஆனா ரோஸ்டர் மாறணும்

1/ 36 மணி நேர டூட்டி முடிச்சு ஹாஸ்டலுக்கு வந்த பிஜி டாக்டர்கிட்ட, "இன்னைக்கு மனநிலை எப்படி? 1 முதல் 10 வரை"ன்னு ஆப் கேட்குது. அவர் 3 போடுறார். அந்த 3-ஐ யார் பார்க்கப் போறாங்க?

2/ ஆப் வீண் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இன்டர்ன் ஹெல்த் ஸ்டடி 2007 முதல் முதலாண்டு பயிற்சி மருத்துவர்களைக் கவனிச்சிட்டு வருது. மனநிலைக்கு ஆப், தூக்கத்துக்குக் கையில கட்டுற பட்டை. அதுல தெரிஞ்சது: வேலை நேரம் கூடக் கூட மனச்சோர்வும் கூடுது.

3/ உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் பர்ன்அவுட்டை நோய்னு சொல்லலை, வேலையிடம் சார்ந்த பிரச்சினைன்னுதான் சொல்லுச்சு. அப்போ வைத்தியமும் அங்கதான் நடக்கணும்.

4/ நம்ம நாட்டுல 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி விதி வாரத்துக்கு 48 மணி நேரம்னுச்சு. 2024-ல் என்எம்சி பணிக்குழு 74-ஐத் தாண்ட வேண்டாம்னு பரிந்துரைச்சது. டூட்டி ரூம்ல போய் இதைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க.

5/ ஒருத்தர் போட்ட மார்க் துறைத்தலைவர் மேசைக்குப் போச்சுன்னா, மறுநாள்ல இருந்து எல்லாரும் 9 தான் போடுவாங்க. அதனால துறைச் சராசரி மட்டும் போகட்டும். அது விழுந்தா ரோஸ்டரை மாத்தியே ஆகணும்.

6/ தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும், குறைக்காது. தம்பி தங்கைகளே, உங்க எண் இறங்கிட்டே போனா ஆப்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிறுத்தாதீங்க. ஒரு ஃப்ரெண்ட், ஒரு சீனியர், இல்லைன்னா டெலிமானஸ் 14416. கூப்பிடுங்க.