நம்ம படகை விற்க வேண்டாம்!



அறிவியல் லேப்பில் பீரோ மேலே தூசி படிந்து கிடக்கிற சிவப்புப் படகை எல்லோரும் பார்த்திருப்பீங்க. முன்னாள் மாணவர் ஒருவர் நம் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்த ரிமோட் படகு. பெட்ரோலில் ஓடுவது. போன வருட அறிவியல் கண்காட்சி அன்று ஊர்க்குளத்தில் ஒரே ஒரு தடவை விட்டோம். கயிறு இழுத்து இழுத்து என் தோள்பட்டையே விட்டுப்போச்சு. ஏழாவது இழுப்பில்தான் ஸ்டார்ட் ஆச்சு. 'டர்ர்ர்'னு சத்தம், நீலப் புகை, கரை முழுக்க விசில்!

படகு நின்ற பிறகு பார்த்தால், தண்ணீர் மேல வானவில் கலரில் எண்ணெய்ப் படலம். மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்த பாட்டி, "ஏன்டா, இதைத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்களா?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் வாய் வரவில்லை. அன்றோடு படகு பீரோ மேல ஏறிடுச்சு.

இப்போது அதை விற்றுவிட்டு கிரிக்கெட் செட் வாங்கலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. என் கருத்து இதுதான்: விற்க வேண்டாம். எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்துவோம்.

"சத்தம் இல்லேன்னா கெத்தே போச்சுடா" என்கிறார்கள் சிலர். அவர்களுக்கு ஒரு செய்தி. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ரேடியோ மூலம் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அது பேட்டரியில் ஓடிய படகு! ஆக, ரிமோட் படகு பிறந்ததே மின்சாரத்தில்தான்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுகிறோம். அதில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. குளத்தில் மிதந்தது அதுதான். மோட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது.

மாற்றுவது மந்திர வேலை இல்லை. எஞ்சின், பெட்ரோல் டேங்க், புகைக்குழாய் மூன்றும் வெளியே. உடல், புரொப்பல்லர், சுக்கான், ரேடியோ அப்படியே இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரை ஷாஃப்டோடு நேர்கோட்டில் இணைக்க வேண்டும். கொஞ்சம் கோணலானாலும் அதிரும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யை ரிசீவரில் செருகணும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வந்த குழாயே இதற்கும் உதவும். முக்கியமானது எடை. கழற்றும் முன்பே படகு எந்த இடத்தில் சமநிலையாக நிற்கிறது என்று கோடு போட்டுக்கொண்டு, பிறகு பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி அதே கோட்டில் நிறுத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 'ஈர்ப்பு மையம்'னு மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கே வேலை செய்யும்!

"கரண்ட் மட்டும் எங்கிருந்து வருது? நெய்வேலியில நிலக்கரி எரிச்சுத்தானே?" என்று நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. புகை முழுசா ஒழியாதுதான். ஆனால் சின்ன எஞ்சினில் எரிபொருளின் சக்தி பெரும்பாலும் சூடாகவே வீணாகிறது. நல்ல மோட்டார் 80 சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக்கும். மாடு குடிக்கிற தண்ணீரிலும் எண்ணெய் மிதக்காது. வரலாற்றுப் பாடத்தில் படித்த அதே வைக்கத்தில், 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 2017-ல் ஓடத் தொடங்கியது. பெரிய படகுக்கே முடியும்போது நம்ம படகுக்கு முடியாதா?

குறையையும் மறைக்கக் கூடாது. செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். பெட்ரோல் தீர்ந்தால் உடனே ஊற்றலாம். பேட்டரி தீர்ந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்கணும். லித்தியம் பேட்டரி உப்பினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும். ஆசிரியர் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது, பக்கத்தில் மணல் வாளி வேண்டும். இன்னொன்று, மோட்டார் சத்தம் போட்டு எச்சரிக்காது. பேட்டரியை இணைத்துவிட்டால் புரொப்பல்லர் எப்போது வேண்டுமானாலும் சுற்றும். விரல் பத்திரம்!

கழற்றிய எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் பாடம் வரும்போது லேப்பில் பிரித்துக் காட்டலாம். பணத்துக்கு வகுப்புக்கு ஒரு உண்டியல் வைப்போம். தலைமையாசிரியர் ஐயா அனுமதி தந்தால், கண்காட்சிக்குள் முடித்துவிடுவோம்.

அன்று முதலில் அந்தப் பாட்டியைத்தான் கரைக்குக் கூப்பிடணும். அவங்க கேட்ட கேள்விக்கு நாம இன்னும் பதில் சொல்லவில்லையே!

இப்படிக்கு,
கயிறு இழுத்தவன்,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு