தொழுவத்து க்ஷயமும் வீட்டு க்ஷயமும்

பசுவின் க்ஷயரோகம் மனிதருக்குத் தொற்றுமா என்று குடியானவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மனிதருடைய க்ஷயம் பசுவுக்குத் தொற்றுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டாலன்றி முதற் கேள்விக்கும் சரியான விடை கிடையாதென்பது என் அபிப்பிராயம்.

சென்ற கோடையில் எட்டயபுரத்தை அடுத்த ஒரு கரிசற் கிராமத்தில் கறவைப் பசு ஒன்று மாதக்கணக்காக இருமி மெலிந்து வந்தது. உடையவர் அதைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். வாங்கினவர் எவ்வூர் என்பது அவருக்கே தெரியவில்லை. அவருடைய தகப்பனார் அப்பொழுது க்ஷயத்துக்கு மருந்து உண்டுவந்தார். அப்பெரியவரின் கட்டில் தொழுவத்திலேயே கிடந்தது. பசுவிடமிருந்து அவருக்கு வந்ததோ, அவரிடமிருந்து பசுவுக்குப் போனதோ, அன்றி இரண்டும் வெவ்வேறோ, சோதித்தாரில்லை.

இவ்விஷயத்தில் கற்றோரும் தடுமாறியதுண்டு. க்ஷயக் கிருமியை 1882-ல் கண்டறிந்த ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பண்டிதர், மாட்டுக் கிருமியால் மனிதருக்கு அதிக அபாயமில்லையென்று 1901-ல் லண்டன் மகாநாட்டில் கூறினார். ஆங்கில அரசாங்கம் நியமித்த கமிஷன் பத்தாண்டு ஆராய்ந்து அதை மறுத்தது. பின்வந்தவர்களோ, ஆதியில் மாட்டைப் பழக்கியபொழுது மாட்டுக் கிருமியே மனிதரிடம் குடியேறி மனித க்ஷயமாயிற்று என்று நம்பினர். 2002-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், மாட்டுக் கிருமி இழந்துவிட்ட பல பகுதிகள் மனிதக் கிருமியில் அழியாமலிருக்கக் கண்டனர். இழந்த பகுதியை அக்கிருமி மீண்டும் பெறுவதில்லை. ஆகவே மாட்டுக் கிருமி தாயன்று. இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள்.

நமக்கு அதிகம் பயன்படுவது வேலூர்ச் செய்தி. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளிடமிருந்து 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை எடுத்து வளர்த்த 940 கிருமி மாதிரிகளைச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். 913 மாதிரிகளில் இருந்தது மனித க்ஷயக் கிருமி. மாட்டு க்ஷயத்துக்குக் காரணமென்று நாம் பாடம் படித்த 'போவிஸ்' கிருமி, தடுப்பூசிக்கென வலுக்குறைத்த வகை ஐந்தில் இருந்தது தவிர, ஒன்றிலுமில்லை. ஏழில் இருந்தது 'ஓரிஜிஸ்' என்னும் வேறொரு பங்காளி. வம்சாவளி வரைந்து பார்த்தபொழுது அவ்வேழும் மாடுகளிடம் கிடைத்த ஓரிஜிஸ் கிருமிகளோடு கலந்து நின்றன. அன்றியும், மாடுகளிடம் கிடைத்த வேறு நான்கு கிருமிகள் மனிதக் கிருமிகளின் கூட்டத்தில் நின்றன. வழி இருபுறமும் திறந்திருப்பதாகவே இதைக் கொள்ளவேண்டும்.

940-ல் ஏழுதானே என்று சிலர் சொல்லலாம். சாதாரண ஆஸ்பத்திரிச் சோதனை க்ஷயக் கிருமி உண்டு, இல்லை என்பதோடு நின்றுவிடும். எந்தப் பங்காளி என்று பிரித்துச் சொல்லாது. தேடாத பொருளை அரிதென்பது எப்படிப் பொருந்தும்?

பச்சைப்பால் கொடாமல் பொங்கக் காய்ச்சிக் கொடுப்பது எவரும் அறிந்ததே. அது வீட்டைக் காக்கும், தொழுவத்தைக் காக்காது. இருமல் நோயாளிக்குத் தொழுவத்தில் படுக்கை போடுவதை இன்றே நிறுத்தவேண்டும். க்ஷய மருந்து உண்பவர் உள்ள வீட்டின் மாடுகளையும், மெலிந்து இருமும் மாடுள்ள வீட்டின் மனிதரையும் சேர்த்தே சோதிக்கவேண்டும். மாட்டுக்குக் கழுத்துத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளப்பார்கள்.

ஆனால் சோதனையில் நோய் தெரிந்த பசுவை என்ன செய்வது? மேல்நாடுகளில் கொன்றுவிட்டு ஈடு கொடுக்கிறார்கள். நம்மவர் கொல்ல இசையார். தனியே கட்டித் தீனி போடச் சிறு குடியானவருக்குச் சக்தியில்லை. எனவே சந்தைக்கு ஓட்டுகிறார். அவரைக் கடிந்து பயனில்லை. பசுவின் விலையில் நியாயமான ஒரு பங்காவது கைக்கு வருமென்ற உறுதியிருந்தாலன்றி எவரும் சோதனையைத் தேடி வாரார். இதை நம் இலாகாவும் கால்நடை இலாகாவும் சேர்ந்து மேலிடத்துக்கு எழுதவேண்டும். அதுவரை, இருமும் மாடு கைமாறுவதாக அறியும் கிராம அதிகாரிகள், வாங்குபவரின் பெயரையும் ஊரையும் குறித்துக் கால்நடை மருத்துவருக்கு ஒரு வரி எழுதிப் போடலாம். நான் சொன்ன அந்தப் பசுவை இப்பொழுது எந்த வீட்டில் கறக்கிறார்களோ, தெரியவில்லை.