புத்தி சொல்லும் இடமல்ல அது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் கடலூர் மாவட்டத்துப் பெற்றோருக்குத் திடீரென்று கவுன்சலர் ஞாபகம் வந்துவிடுகிறது. மஞ்சக்குப்பமானாலும் அண்ணாமலை நகரானாலும், அந்த அறைக்குள் போனதும் நாம் சொல்வது ஒன்றுதான்: "யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான் மேடம். நீங்க நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்புங்க." பிள்ளை பக்கத்திலேயே தலைகுனிந்து நிற்கிறான். செல்போன், மார்க், எதிர்த்துப் பேச்சு, ராத்திரி முழுக்கத் தூங்காதது என்று அவன் மேலுள்ள புகார் மொத்தத்தையும் அவன் காதுபடவே படிக்கிறோம். பிறகு நாலு நாள் கழித்து, "ஒண்ணுமே சொல்லலையாம், சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம், இதுக்கா காசு?" என்று அங்கலாய்க்கிறோம்.

பெற்றோர்களே, புத்தி சொல்ல நம் வீட்டில் ஆள் பஞ்சமா? அப்பா சொல்கிறார், தாத்தா சொல்கிறார், டியூஷன் சார் சொல்கிறார், கல்யாண வீட்டில் பார்க்கிற ஒன்றுவிட்ட மாமாகூடச் சொல்கிறார். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் உட்கார்ந்திருந்தவர் யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கவுன்சலர் 'சும்மா' கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அது ஒரு தொழில்முறை. நபர் மைய உளச்சிகிச்சை என்பார்கள். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940-களில் வடிவம் கொடுத்தது. அதற்கு முன் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ராச்செஸ்டர் நகரில், பெற்றோர் அழைத்துவந்த பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத மகனோடு ஒரு தாய் வந்தார். சிறு வயதில் அவர் பிள்ளையை ஒதுக்கியதுதான் காரணம் என்பது ரோஜர்ஸின் கணிப்பு. வாரக்கணக்கில் நயமாகப் புரியவைக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எழுந்து கதவுவரை போன அந்தத் தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, கணவரோடு தனக்கிருந்த மனக்கசப்பையும் தோற்றுப்போன உணர்வையும் கொட்டித் தீர்த்தார். அன்று தொடங்கிய பேச்சில் தாயும் தேறினார், மகனும் தேறினான். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் உணர்ந்தது இப்படித்தான்.

1957-இல் எழுதிய கட்டுரையில் அவர் ஆலோசகருக்கு விதித்தவற்றில் முக்கியமானவை மூன்று. எதிரே இருப்பவரை நிபந்தனை போடாமல் மதிக்க வேண்டும். அவர் கண்ணால் உலகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று நடிக்கக் கூடாது. நம் வீடுகளில் அடிபடுவது முதலாவது. "நல்ல மார்க் எடுத்தாத்தான் நீ என் புள்ள" என்று விளையாட்டாகச் சொல்வதாக நினைக்கிறோம். பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தன் மதிப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது என்று மனதில் எழுதி வைத்துக்கொள்கிறது.

ரோஜர்ஸின் மாணவர் தாமஸ் கார்டன் 1962-இல் பெற்றோருக்கென்றே வகுப்பு தொடங்கினார். பேச்சை அடைத்துப்போடும் பன்னிரண்டு வகைப் பதில்களைப் பட்டியலிட்டார். அதட்டுவது, மிரட்டுவது, உபதேசிப்பது, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. அவசரமாக ஆறுதல் சொல்வதும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் வீட்டில் இது எப்படி நடக்கும்? மகள் பையை வீசிவிட்டு, "நாளைலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போவல" என்கிறாள். நம் வாயில் தயாராக இருப்பது: "ஏன், என்ன வந்துச்சு? ஃபீஸ் கட்டினது எதுக்கு? உன் வயசுல நான் கிள்ளையிலேர்ந்து சைக்கிள் மிதிச்சேன்." அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்குப் பதில், "இன்னிக்கு ஸ்கூல்ல ரொம்பக் கஷ்டமாப் போச்சுபோல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால்? கொஞ்ச நேரம் கழித்து, "கெமிஸ்ட்ரி மிஸ் எல்லார் முன்னாடியும் என் மார்க்கைப் படிச்சாங்க" என்று வரும். "அவமானமா இருந்துச்சா?" "அதில்லம்மா. என் பெஞ்ச்காரியும் சேர்ந்து சிரிச்சா."

அந்த 'அதில்லம்மா'வைக் கேளுங்கள். நாம் சொன்னது தப்பு, பிள்ளையே திருத்திவிட்டாள். திருத்தலாம் என்ற தைரியம் அவளுக்கு வந்ததால்தான் உண்மையான காரணம் வெளியே வந்தது.

இதைச் செல்லம் கொடுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு செல்போனை வாங்கி வைப்பது உங்கள் கடமை. "நீ லேட்டா வந்தா எனக்குப் பயமா இருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்வதும் ரோஜர்ஸ் சொன்ன நேர்மையில் சேர்ந்ததுதான்.

கேட்பது படித்தவர்களுக்கு மட்டும் கைவரும் வித்தை என்று ஒதுங்கவும் வேண்டாம். 2004 சுனாமியில் நம் மாவட்டம் 600-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. அதன்பின் தமிழகக் கடலோரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் சாதாரணத் தொண்டர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். பேசவிடு, கவனமாகக் கேள், அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார் என்பவையே அதில் முதல் பாடங்கள். பிணம் தேடி அலைந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்க முடிந்தது என்றால், பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் முடியாதா?

கேட்பது மட்டுமே போதாத நிலையும் உண்டு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், காதில் குரல் கேட்பதாகச் சொன்னால், சாவைப் பற்றிப் பேசினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். முன்பு ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகியிருக்கும் சிதம்பரம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஆலோசனை முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் "உள்ள என்ன சொன்னே? எங்களைப் பத்தி என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள். ஆலோசகரைத் தனியாகப் பிடித்துத் துருவாதீர்கள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் அவரே உங்களிடம் சொல்வார். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளையின் சொத்து.

அந்த ராச்செஸ்டர் தாயைப்போல உங்களுக்கே பேச வேண்டியது இருக்கலாம். கடன், சண்டை, தூக்கமின்மை எதுவானாலும் அதைப் பிள்ளையின் தலையில் இறக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெரியவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.