தீவகத்துக்குப் பொதிகள் போதும், சம்பளம் கொடுங்கள்

யாழ்ப்பாணத்தின் தீவகத்துக்கு உதவ முன்வரும் தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் தமது நிதியின் பெரும்பகுதியை இனி ஆட்களின் சம்பளத்துக்கு ஒதுக்கவேண்டும். தீவிலேயே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்க்கும் இளைஞர், தனித்திருக்கும் முதியவரின் வீட்டுக்குப் போய்வரும் பெண் ஆகியோருக்கான சம்பளம் அது. புத்தகப்பை, துவிச்சக்கரவண்டி, தையல் இயந்திரம், உலருணவுப் பொதி என்று இதுவரை வந்த உதவிகளை இந்த மண் நன்றியோடு நினைக்கிறது. ஆனால் அவற்றால் ஊர் வெறுமையாவதைத் தடுக்க முடியவில்லை.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகள் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இன்று துப்பாக்கிச் சத்தம் இல்லை. இருந்தும் புறப்பாடு தொடர்கிறது. பிள்ளை சாதாரண தரத்தை எட்டும்போது, வசதியுள்ள குடும்பம் யாழ்ப்பாண நகரில் வாடகை வீடு தேடுகிறது. மாணவர் தொகை குறைய ஆசிரியர் தொகையும் குறைகிறது. ஆசிரியர் குறைய, அடுத்த குடும்பமும் மூட்டை கட்டுகிறது. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடற்பயணத்தில் இருக்கும் நெடுந்தீவுக்கு நியமனம் பெறுபவர், கட்டாய சேவைக்காலம் முடியும் நாளை எண்ணுவதில் வியப்பில்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தங்குவதற்கு நல்ல விடுதியும், படகுச் செலவும், பாடசாலை முடிந்தபின் மாலை வகுப்பு எடுத்தால் அதற்கான கொடுப்பனவும் கிடைத்தால் தங்குவார். தீவிலேயே பிறந்து உயர்தரம் படித்தவர்களுக்கு ஆசிரியப் பயிற்சிக்கான புலமைப்பரிசில் கொடுத்து, ஊரில் சில ஆண்டுகள் பணியாற்றும் உடன்படிக்கையும் செய்தால் இன்னும் உறுதியாகத் தங்குவார்கள்.

பொருள் வந்து, அதை நடத்தும் ஆளும் பணமும் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ‘நெடுந்தாரகை’ கண்முன் நிற்கும் பாடம். வெளிநாட்டு உதவியில் கட்டப்பட்டு 2017 இல் சேவைக்கு வந்த அந்தப் படகை நெடுந்தீவு மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். எரிபொருளும் பராமரிப்பும் ஒரு சிறிய பிரதேச சபையின் தோளில் விழுந்தன. படகு சேவையில் இல்லாத காலங்களும் வந்தன. திறப்பு விழாவுக்கு வந்த நிதியோடு பத்தாண்டுப் பராமரிப்புக்கும் ஒரு தொகை சேர்ந்து வந்திருக்கவேண்டும்.

வேலைவாய்ப்பிலும் இதே குறை. வாழ்வாதார உதவி என்ற பெயரில் கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் கொடுக்கப்படுகின்றன. முட்டையை யார் வாங்குவார், தைத்த சட்டையை எங்கே விற்பது என்ற கேள்விகள் பயனாளியின் தலையிலேயே விடப்படுகின்றன. கடன் கொடுத்தால் தொழில் தானாக வளரும் என்ற நம்பிக்கை வடக்கின் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். 2018 இல் நுண்கடன்களின் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. தீவகத்தில் ஏற்கெனவே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றில் குறைவது முகாமையும் சந்தைத் தொடர்பும். நண்டையும் கணவாயையும் பாதுகாக்க ஐஸ் இல்லாத மீனவருக்கு வியாபாரி சொன்னதே விலை. அந்த மீனவரின் சங்கத்துக்கு ஒரு முகாமையாளரின் சம்பளத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்பது, ஐம்பது வீடுகளுக்குத் தனித்தனியே பொருள் கொடுப்பதிலும் பெரிய உதவி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் மொத்தம் 2,230 கிலோவாட் திறனுள்ள சூரிய, காற்று மின் நிலையங்களை அமைக்க 2024 மார்ச்சில் இந்திய மானியத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவற்றைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர்கள் தீவின் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்றால், பயிற்சிக்கான நிதியை இப்போதே ஒதுக்கவேண்டும்.

சமூக ஆதரவையும் இதனோடு பிணைக்கலாம். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தனித்திருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. மருந்து எடுத்துக்கொடுக்க ஆளில்லை. மணிமேகலையின் அமுதசுரபியோடு சேர்த்து நினைக்கப்படும் நயினாதீவில், வரும் அடியாருக்கெல்லாம் அன்னம் இடும் மரபு இன்றும் வாழ்கிறது. வீட்டுக்குள் தனித்துக் கிடப்பவருக்கும் அந்தக் கை நீளவேண்டும். உள்ளூர்ப் பெண்களுக்குப் பராமரிப்புப் பயிற்சியும் நிரந்தர ஊதியமும் கொடுத்தால் முதியவருக்குத் துணையும் அந்தப் பெண்ணுக்குத் தொழிலும் ஒன்றாகக் கிடைக்கும். சனசமூக நிலையங்களில் சொற்பக் கொடுப்பனவோடு முன்பள்ளி நடத்துபவர்களுக்கும் இதே நீதி வேண்டும்.

இவையெல்லாம் அரசின் கடமை அல்லவா என்று கேட்பார்கள். கடமைதான். ஆனால் அரசின் கடமை ஊராரின் முயற்சியாலேயே நிறைவேறியிருக்கிறது. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் பாதை வாணர் சகோதரர்களின் பெயரால் இன்றும் வழங்குவது, அவர்கள் ஊருக்காக விடாமல் முயன்றதாலேயே. எனவே, சம்பளப் பொறுப்பை ஏற்கும் அமைப்பு தீவக வலயக் கல்வி அலுவலகத்தோடும் பிரதேச செயலகத்தோடும் எழுத்தில் உடன்படிக்கை செய்யவேண்டும். குறித்த ஆண்டில் அந்தப் பதவியை அரசு தன் ஆளணியில் சேர்க்கவேண்டும். அரசும் தன் பார்வையை மாற்றவேண்டும். அரசசார்பற்ற நிறுவனங்களைப் பாதுகாப்பு விவகாரமாகப் பார்க்கும் பழக்கம், நேர்மையாகப் பணிபுரியும் சிறிய உள்ளூர் அமைப்புகளையே முதலில் முடக்குகிறது.

நிதி நின்றால் சம்பளமும் நின்றுவிடுமே என்ற அச்சம் நியாயமானது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது உலகெங்கும் தொண்டுப் பணிகள் ஒரே வாரத்தில் தடுமாறின. ஒற்றைக் கொடையாளியை நம்பக்கூடாது என்பதே அதன் பாடம். கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும் இலண்டனிலும் வாழும் தீவக உறவுகள் ஒவ்வொருவரும் சிறு தொகையை மாதந்தோறும் ஒரு பொது நிதியில் சேர்த்தால், எந்த வல்லரசின் முடிவும் அதை அசைக்காது. ஒரே பாடசாலைக்கு மூன்று சங்கங்கள் மூன்று தனி மண்டபங்கள் கட்டும் போட்டியும் ஓயும். அந்த நிதியை நடத்தும் குழுவில் தீவில் வாழ்பவர்களே பெரும்பான்மையாக இருக்கவேண்டும். வரவு செலவைச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் மாதாமாதம் ஒட்டவேண்டும்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒரு பதவியைத் தேர்ந்தெடுத்து, அதற்கான ஐந்தாண்டுச் சம்பளத்தைப் பொறுப்பேற்கும் தீர்மானத்தை நிறைவேற்றட்டும். கணித ஆசிரியரோ, கூட்டுறவு முகாமையாளரோ, முதியோர் பராமரிப்பாளரோ, எதுவாயினும் சரி. பிள்ளையின் படிப்புக்காகவோ பிழைப்புக்காகவோ ஒரு குடும்பமும் தீவை விட்டுப் போகவேண்டிய கட்டாயம் இல்லாத நிலையே நாம் கேட்கும் அபிவிருத்தி.