டாக்டர் சவுரி முத்து

டாக்டர் டேவிட் சவுரி முத்து 1940-ம் வருஷத்தில் காலமானார். இத்தனை காலம் கழித்து அவரைப் பற்றி இன்று தலையங்கம் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் தெற்கே போகிறவர்கள் குரோம்பேட்டையைத் தாண்டியதும் "தாம்பரம் சானடோரியம்" என்ற பெயரைத் தினமும் கேட்கிறார்கள். அந்தச் சானடோரியத்தை வைத்தது யார் என்றால் பெரும்பாலோர் விழிப்பார்கள். ஆனால் அதே மனிதர்களிடம் பக்கத்துக் கோவிலின் ஸ்தல புராணத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்த ரிஷி எந்தக் கல்லின்மேல் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தார் என்பது வரை ஒப்புவிப்பார்கள். ஆகவேதான் எழுதுகிறோம்.

நல்ல வைத்தியர் ஒருவர் இறந்தால் நம் மக்கள் எப்படி நினைக்கிறார்கள்? "கைராசிக்காரர் போய்விட்டாரே" என்பார்கள். புகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் இதைவிடப் பெரிய அவமரியாதை அவருக்கு வேறில்லை. அவர் கண் விழித்துப் படித்த படிப்பும், நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்ட அனுபவமும் எங்கே போயின? எல்லாம் ராசி! நோயாளி பிழைத்தால் கடவுள் காப்பாற்றினார் என்று மொட்டை திருப்பதிக்குப் போய்விடும்; செத்தால் மட்டும் டாக்டர் கொன்றுவிட்டார் என்பார்கள். இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம் என்பது நமக்கு இதுவரை விளங்கவில்லை.

நிற்க, முத்துவின் சங்கதிக்கு வருவோம். அவர் இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியிலுள்ள மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கென்று ஒரு சானடோரியம் நடத்திவந்தவர். வெள்ளைக்காரன் நம்மை ஆண்ட காலத்தில், ஒரு தமிழர் அவனுடைய நாட்டிலேயே வைத்திய விடுதி நடத்தினார் என்றால் அது சாமான்யக் காரியமல்ல. 1914-ம் வருஷம் மார்ச்சு மாதம் கணித மேதை இராமானுஜன் சென்னையிலிருந்து ஏறிய நெவாசா கப்பலிலேயே முத்துவும் சென்றார். 1917-ல் இராமானுஜன் நோயில் விழுந்தபோது கொஞ்ச காலம் மெண்டிப்பில் முத்துவிடம் இருந்தார். உலகமே வியந்த அந்த மூளைக்குக் கடல் தாண்டுவதற்கு மட்டும் நாமகிரித் தாயார் தம் அம்மாவின் கனவில் வந்து உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு ஆசாரமோ சீமையிலும் அவரை விடவில்லை. யுத்த காலத்துப் பஞ்சத்தில் அந்த ஆசாரம் நோயாளி உடம்புக்கு என்ன நன்மை செய்திருக்கும்? 1920-ல் சேத்துப்பட்டில், 32 வயதில், இறந்துபோனார். அவருக்கு வந்தது க்ஷயமே அல்ல, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். தான் சொன்னதைத் தானே திரும்ப எடுத்துச் சோதிக்கும் இந்த யோக்கியதை வைத்திய சாஸ்திரத்திற்கு உண்டு. எந்த வேதத்திற்கு உண்டு?

முத்து தாய்நாடு திரும்பி 1928-ல் தாம்பரத்தில் தமது சானடோரியத்தைத் திறந்தார். அடுத்த வருஷம் அதே ரயில் பாதையில் செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடிற்று என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் பாடை கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பெற்ற பிள்ளையையே மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்துத் தட்டைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. முன்ஜென்மப் பாவம் என்றார்கள், செய்வினை என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவர் 1882-லேயே இந்த நோயின் கிருமியைக் கண்ணாடியில் காட்டியாகிவிட்டது. ஆனாலும் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல ஆகாரம் என்ற இவைதான் சானடோரியங்களின் கையில் இருந்த முக்கிய ஆயுதம். அதை வைத்துக்கொண்டு, வீட்டார் கைவிட்டவர்களுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்ததே முத்து செய்த காரியம். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது.

அவரிடம் நமக்கு ஒப்பாத சங்கதியும் உண்டு. இந்து வைத்தியத்தின் பழமையையும் நாகரிகத்தையும் புகழ்ந்து அவர் ஒரு புஸ்தகம் எழுதினார். பழம்பெருமை பேசுகிறவர் யாராயிருந்தாலும் நமக்கு ஆகாது. அவ்வளவு பழமையான வைத்தியம் உள்ள நாட்டில் க்ஷயரோகியைத் தீண்டாதவனாக்கியது யார் என்று அவரையே கேட்டிருப்போம். செத்துப்போனார் என்பதற்காக இதை மறைத்து வைத்து மாலை போடுவது நம் வழக்கமல்ல.

1943-ல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1959-ல் சென்னையில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியம் அவசியமில்லை என்று உலகத்திற்கே சொல்லிற்று. எனினும் தாம்பரத்துக் கட்டில்கள் காலியாகிவிடவில்லை. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பதைச் சென்னையில் கண்டறிந்தார்கள். உடனே பழைய கதை புதிதாக ஆரம்பித்தது. மற்ற இடங்களில் தொட மறுக்கப்பட்டவர்கள் 1993 முதல் வந்து சேர்ந்தது தாம்பரத்திற்குத்தான். 2004-ல் சர்க்கார் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் தேர்ந்தெடுத்த எட்டு ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று.

க்ஷயம் ஒழிந்துவிட்டதா என்றால், உலகத்து க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்றும் நம் நாட்டில்தான் இருக்கிறார். மருந்து இலவசம், பரிசோதனை இலவசம். ஆனால் மருமகளுக்கு இருமல் என்றால் தாய்வீட்டிற்கு அனுப்பிவிடுகிற புத்தி மட்டும் மாறவில்லை. வயிறும் நிறையவில்லை. ஜார்க்கண்டில் க்ஷயரோகிகளின் குடும்பத்தாருக்கு நல்ல உணவுப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 முதல் 50 சதவிகிதம் வரை குறைந்ததென்று 2023-ல் வெளியிட்டார்கள். நல்ல ஆகாரம் என்று சானடோரியக்காரர்கள் சொன்னதன் ஒரு பாதிக்கு இது இன்றைய சாட்சி.

நோயாளிக்கு ஆகாரத்திற்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்துத் தோழர்கள் தங்கள் தெருவில் மருந்து சாப்பிடுகிறவர்களைப் போய்ப் பார்த்து, இந்தப் பணம் மாதாமாதம் கைக்கு வருகிறதா என்று விசாரித்து நமக்கு எழுதுவார்களாக. வராத இடங்களைப் பெயர்களை விட்டுவிட்டு இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.