யாருக்கோ தூவிய அட்சதை



சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னுடன் படித்த இருவருக்கு ஆவணி முகூர்த்தத்தில், கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். கோயிலை நெருங்கிய கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மணி நேரம்!

இந்தக் கோயிலில் பெரிய முகூர்த்த நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பது ஊரறிந்தது. ஔஷதகிரி குன்றருகே ஒரு நாகஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்த கெட்டிமேளம். அவசரத்தில் முதல் கைப்பிடி அட்சதையை முன்பின் தெரியாத தம்பதிக்குத் தூவிவிட்டேன். அவர்களும் நன்றாக இருக்கட்டும்.

மண்டபத்தில் மொய் எழுதியவர், "ஊர் எதுங்க?" என்று கேட்டார். சிங்கப்பூர் என்று சொல்ல வாய் வரவில்லை, "சிதம்பரம்" என்றேன். கைப்பேசியில் நேரலை பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் கோயில் பெயரோடு, நீங்கள் எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கூடுகிறீர்கள் என்பதையும், விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணையும் அச்சிடுங்கள். முகூர்த்த நாள்களில் வாகனங்களைத் தொலைவிலேயே நிறுத்தச் செய்து, முதியவர்களை ஏற்றிவர சிற்றுந்து விட்டால் உள்ளூர்க்காரர்களுக்கும் நிம்மதி. கடல் கடந்து வருகிறவன் தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடக் கூடாது.

- ஒரு வாசகர், சிங்கப்பூர்